பார் வகுப்பில் சேரும் முன்: மயிலாப்பூர், தி. நகர், அடையாறில் தேடி அலைந்து கற்றவை

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் பேசப்போவது பார் வகுப்பு பற்றி. பயப்படாதீங்க, டாஸ்மாக் பக்கத்தில் இருக்கிற பார் இல்லை. பாலே நடனம் பழகுகிறவர்கள் சுவரோரமாக ஒரு கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டைக்குத்தான் பிரெஞ்சு மொழியில் பார் என்று பெயர். அதைப் பிடித்துக்கொண்டு செய்யும் உடற்பயிற்சிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் நாள் நான் வீட்டில் "பார் கிளாஸுக்குப் போயிட்டு வரேன்" என்று சொன்னதும் என் மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சாயங்காலம் ஆறு மணிக்கேவா?" என்று கேட்டார்.

நேயர்கள் பலர் இதே கேள்வியை அனுப்பியிருந்தீர்கள். "மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பக்கம் நல்ல பார் கிளாஸ் எங்கே இருக்கு? பேரைச் சொல்லுங்க, போதும்." பேர் சொல்லப்போவதில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. இந்த ஊரில் பலகை அப்படியே இருக்கும், உள்ளே சொல்லிக்கொடுப்பவர் மாறிவிடுவார். ஆறு மாதத்துக்கு முன்னால் நான் நல்லது என்று சொன்ன இடத்தில் இன்று வேறொருவர் நிற்கலாம். அதனால் நல்ல வகுப்பை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன். அது பழசாகாது.

நான் சொதப்பிய கதை

முதலில் என் கதை, சுருக்கமாக. இரண்டு வருஷத்துக்கு முன்னால், எனக்கு 43 வயது. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை. முதுகு வலி, தோள் இறுக்கம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கல். ஜிம்முக்குப் போகக் கூச்சம். அப்போது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. குதிக்க வேண்டாம், ஓட வேண்டாம், நடனக்காரர் மாதிரி உடம்பு வரும், மூன்று மாதத்துக்குச் சேர்ந்தால் தள்ளுபடி. எந்த இடம், எந்தப் பேட்டை என்பதெல்லாம் வேண்டாம். சேர்ந்துவிட்டேன். ட்ரையல் கிளாஸ் கூடக் கேட்கவில்லை.

இருபது பேருக்கு மேல் இருந்தோம். பாட்டு காதைப் பிளந்தது. சொல்லிக்கொடுத்த பெண் முன்னால் நின்று அழகாகச் செய்துகாட்டினார், ஆனால் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நான்காவது வகுப்பில்தான் என் பக்கம் வந்தார். "இன்னும் கீழே போங்க, கால் இன்னும் வெளியே திரும்பணும்" என்று சொல்லித் தன் காலால் என் பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளினார். அப்போது வலிக்கவில்லை. சின்ன வயதில் நாலு வருஷம் பரதம் கற்றவள் ஆச்சே, இதென்ன பெரிய விஷயம் என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் மந்தைவெளி ரயில் நிலையத்தில் படி இறங்கும்போது முட்டியின் உள்பக்கம் சுரீர் என்றது. கைப்பிடியைப் பிடித்து அங்கேயே நின்றுவிட்டேன். எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, கிழிசல் எதுவும் இல்லை, அழுத்தம்தான் என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்த அம்மா என்னைப் படுக்கவைத்து, காலை மடக்கி, இடுப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: "உங்க இடுப்பு இவ்வளவுதான் திரும்பும். மிச்சத்தை முட்டி திருப்பிக் கொடுத்திருக்கு."

இன்றைக்குப் பேசப்போகும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரிதான் அடிப்படை. ஆறு வாரம் பிசியோதெரபி. வகுப்புக்குக் கட்டிய பணம் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது, எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

லண்டன் முதல் அடையாறு வரை

இதைத் தொடங்கியவர் லோட்டே பெர்க். 1913ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்த யூத நடனக்காரர். நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்தவர். முதுகில் அடிபட்ட பிறகு, நடனப் பயிற்சியையும் மறுவாழ்வுப் பயிற்சியையும் சேர்த்துத் தனக்கென ஒரு முறையை அமைத்துக்கொண்டார். 1959ல் லண்டன் மான்செஸ்டர் தெருவில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ திறந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது. நடனக்காரர்களுக்காக இல்லை, சாதாரணப் பெண்களுக்காக. அவரிடம் கற்ற லிடியா பாக் 1971ல் நியூயார்க்கில் அதே முறையைத் தொடங்கினார். அங்கிருந்து கிளை கிளையாகப் பிரிந்து, 2000க்குப் பிறகு பெரிய வணிகப் பெயர்களாக வளர்ந்து, மும்பை, பெங்களூரு வழியாக நம்ம ஊர் வரைக்கும் வந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அடிபட்ட ஓர் உடம்பைச் சரிசெய்யப் பிறந்த முறை இது. அதைச் சரியாகச் செய்யாவிட்டால் அதுவே அடிபடவைக்கும். நான் அதற்குச் சாட்சி.

நம்ம ஊருக்கும் பாலேவுக்கும் உள்ள சம்பந்தம் இந்த ஸ்டூடியோக்களை விட ரொம்பப் பழசு. ருக்மிணி தேவி அருண்டேல் 1920களின் கடைசியில் ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார். பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்றார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடிப் பாருங்கள் என்று பாவ்லோவா தூண்டியதாகத்தான் வரலாறு சொல்கிறது. பிறகு கபாலீசுவரர் கோயிலோடு தொடர்புடைய மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதம் கற்று, 1935ல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் அரங்கேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா. ஆக, கட்டையைப் பிடித்து நின்று பாலே பழகிய ஒருவர்தான் அடையாற்றில் பரதத்துக்குப் பள்ளி கட்டினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பார் வகுப்பில் முதலில் சொல்லித்தரும் நிலை நம்மில் பலருக்குப் புதிதே இல்லை. குதிகால் சேர்த்து, கால் வெளிப்பக்கம் திரும்பி, முட்டி மடக்கி, முதுகு நிமிர்ந்து நிற்பது. பாலேவில் அதற்கு ப்ளியே என்று பெயர். நாம் அரைமண்டி என்போம். இரண்டும் ஒன்றே இல்லை, ஆனால் இரண்டுக்கும் ஒரே விதிதான்: கால் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து. முட்டியிலிருந்தோ பாதத்திலிருந்தோ இல்லை.

முட்டி என்பது பெரும்பாலும் கதவுக்கீல் மாதிரி. மடங்கும், நீளும். பக்கவாட்டில் திருகுவதற்காக அமைந்த மூட்டு இல்லை. இடுப்போ கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்த மாதிரி, சுழலும். எவ்வளவு சுழலும் என்பது அவரவர் எலும்பின் அமைப்பைப் பொறுத்தது. வளர்ந்தவர்களுக்கு அந்த எலும்பு மாறப்போவதில்லை. இடுப்பு திரும்பாத அளவுக்குப் பாதத்தைத் திருப்பி ஊன்றிவிட்டால், அந்த வித்தியாசம் முழுவதும் முட்டியின் உள்பக்கத்தில் போய் விழும். சோதித்துப் பார்க்க எளிய வழி: மடக்கும்போது முட்டிச் சிப்பி இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சாய்ந்தால், பாதத்தைக் கொஞ்சம் உள்ளே கொண்டு வாருங்கள். அழகு குறையலாம், முட்டி பிழைக்கும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

ஒரு வகுப்பு பொதுவாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். கொஞ்சம் உடல் சூடேற்றல், ஒன்று இரண்டு கிலோ எடையை வைத்துக் கை வேலை, பிறகு கட்டையைப் பிடித்துத் தொடை, பின்னிடுப்பு, கெண்டைக்கால், அப்புறம் தரையில் வயிற்றுக்கு, கடைசியில் தசைகளை இழுத்துத் தளர்த்தல். இதன் தனி அடையாளம் சின்ன அசைவு. பாதி மடக்கி நின்று, ஓர் அங்குலம் மேலே, ஓர் அங்குலம் கீழே என்று முப்பது, நாற்பது தடவை. இல்லையென்றால் அசையாமல் அப்படியே நிற்பது. அரைமண்டியில் உட்காரவைத்துவிட்டு வாத்தியார் காபி குடிக்கப் போன கதை பலருக்கும் ஞாபகம் இருக்கும். அதேதான்.

கொஞ்ச நேரத்தில் தொடை கிடுகிடு என்று நடுங்கும். வேலை செய்துகொண்டிருந்த தசை இழைகள் சோர்ந்துபோக, நரம்பு மண்டலம் வேறு இழைகளை மாற்றி மாற்றி அழைக்கிறது. அந்த மாற்றம் சீராக இல்லாததால் நடுக்கம். இதில் பயப்பட எதுவும் இல்லை. தசை நடுங்கலாம், எரியலாம். மூட்டுக்குள் குத்தல், சுரீர், மரத்துப்போதல் இருந்தால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லித்தராத ஆசிரியர் பாதிதான் ஆசிரியர்.

பலன் உண்டா? உண்டு. கால், இடுப்பு, வயிற்றுத் தசைகளின் தாங்கும் சக்தி கூடும். ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலை கூடும். நிற்கும் விதம் மாறும். ஆனால் விளம்பரத்தில் வரும் சில விஷயங்களை நம்பாதீர்கள். "தசை நீளமாகும்" என்பார்கள். தசை எந்த எலும்பில் தொடங்கி எதில் முடிகிறதோ, அதுதான் அதன் இடம். பயிற்சியால் அந்த இடம் மாறாது. "தொடைக் கொழுப்பு மட்டும் கரையும்" என்பார்கள். ஒரு தசைக்கு வேலை கொடுத்தால் அதன் மேலிருக்கும் கொழுப்பு மட்டும் தனியாகக் கரைவதில்லை.

இன்னொன்று, இது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேக உடலுழைப்பு, கூடவே வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. பார் வகுப்பை இரண்டாவது கணக்கில் வைக்கலாம். முதலாவதுக்கு நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ வேகநடை போங்கள். எலும்பு வலுவுக்காகச் சேருகிறவர்கள், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்கள், ஒரு கிலோ எடையோடு நின்றுவிடக் கூடாது. படிப்படியாக எடையைக் கூட்டும் பயிற்சியும் வேண்டும்.

எங்கே தேடுவது

உண்மையைச் சொல்கிறேன். பார் மட்டுமே நடத்தும் இடங்கள் இந்த மூன்று பேட்டையிலும் கொஞ்சம்தான். பெரும்பாலும் அது வேறொரு ஸ்டூடியோவின் கால அட்டவணைக்குள் ஒளிந்திருக்கும். பிலாட்டீஸ் ஸ்டூடியோ, பெரியவர்களுக்கு பாலே சொல்லித்தரும் நடனப் பள்ளி, பெண்களுக்கான ஜிம், பிசியோதெரபி மையம் என்று நாலு இடத்தில் தேட வேண்டும். போன் செய்து "பார் இருக்கா?" என்று கேட்டால் குழம்புவார்கள். "பாலே கட்டையைப் பிடிச்சுச் செய்யற கிளாஸ், பார் பிலாட்டீஸ், அந்த மாதிரி ஏதாவது?" என்று கேளுங்கள்.

அடுத்தது வழி. மூன்று கிலோமீட்டர் தூரம் என்று செல்போன் காட்டும், ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் தி. நகருக்குள் நுழைந்து பாருங்கள். லஸ், பனகல் பூங்கா, அடையாறு மூன்று இடத்திலும் மெட்ரோ வேலை வேறு. மயிலாப்பூர், மந்தைவெளியில் இருப்பவர்கள் அடையாறு போக பறக்கும் ரயிலை நினைத்துப் பாருங்கள், கஸ்தூர்பா நகரில் இறங்கலாம். தி. நகர் என்றால் மாம்பலம் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரை 2023ல் திறந்த நடைமேம்பாலம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை அலுப்பில்லாமல் போக முடிகிற சுமாரான வகுப்பு, மாதத்துக்கு ஒரு முறை போகிற பிரமாதமான வகுப்பை விட நல்லது. சுமாரான என்றால் சுமாரான அலங்காரம். சுமாரான ஆசிரியர் இல்லை.

போனில் கேட்க வேண்டியவை

நான் இப்போது ஐந்து கேள்வி கேட்கிறேன். ஒன்று, ஒரு பேட்சில் எத்தனை பேர்? பத்து, பன்னிரண்டைத் தாண்டினால் ஒருவரால் எல்லார் முட்டியையும் கவனிக்க முடியாது. இரண்டு, யார் எடுக்கிறார், என்ன படித்தார்? வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்துச் சான்றிதழ் வாங்கியவரும் உண்டு, வருஷக்கணக்கில் நடனமோ பிசியோதெரபியோ கற்றவரும் உண்டு. சான்றிதழ் இருப்பது நல்லது, அதோடு எத்தனை வருஷமாகச் சொல்லித்தருகிறார் என்றும் கேளுங்கள். மூன்று, புதிதாக வருகிறவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா? நான்கு, முட்டி வலி, முதுகு வலி இருந்தால் என்ன மாற்றிச் செய்யவைப்பீர்கள்? "அதெல்லாம் சரியாயிடும் மேடம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். ஐந்து, மார்கழியில் வகுப்பு நடக்குமா?

கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். நம்ம பேட்டையில் சொல்லித்தருகிறவர்களில் பலர் நடனக்காரர்கள். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை அவர்கள் சபாக்களில் இருப்பார்கள். வகுப்பு ஒரு நடனப் பள்ளியின் கூடத்தில் நடந்தால், அந்தக் கூடமும் ஒத்திகைக்குப் போய்விடும். அந்த மாதத்துக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்குகிறார்களா என்று முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ட்ரையல் கிளாஸில் பார்க்க வேண்டியவை

கண்டிப்பாக ஒரு வகுப்பு பார்த்துவிட்டுத்தான் சேர வேண்டும். காசு கேட்டாலும் பரவாயில்லை, கொடுத்துப் பாருங்கள்.

முதலில் தரை. சென்னையில் பாதி ஸ்டூடியோ கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கும். கான்கிரீட் மேல் பளபள டைல்ஸ். அதில் சாக்ஸ் போட்டு நின்றால் வழுக்கும், மணிக்கணக்கில் நின்றால் குதிகால் வலிக்கும். மரத்தரையோ, அடியில் மெத்தென்று ஏதாவது போட்ட தரையோ நல்லது. இல்லையென்றால் வெறுங்கால், அல்லது அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ்.

அடுத்தது கட்டை. சுவரில் பதித்ததாக இருந்தால் ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். நகர்த்தும் வகையாக இருந்தால் அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும். உயரம் உங்கள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, கையை வைத்தால் தோள் தூக்காமல் முழங்கை லேசாக மடங்கி இருக்க வேண்டும். கட்டை தொட்டுக்கொள்ளத்தான், தொங்குவதற்கு இல்லை. நன்றாகச் சொல்லித்தருகிறவர் நடுவில் ஒரு தடவையாவது "கையை எடுத்துப் பாருங்க" என்பார்.

மூன்றாவதாக, ஆசிரியரின் கண் எங்கே இருக்கிறது? கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாரா, நடந்து வந்து உங்களைப் பார்க்கிறாரா? தொடுவதற்கு முன் "தொடலாமா?" என்று கேட்கிறாரா? யாருடைய பாதத்தையாவது பலவந்தமாகத் திருப்புகிறாரா? மூச்சை அடக்காதீங்க என்று ஞாபகப்படுத்துகிறாரா? "இடுப்பை உள்ளே இழுத்துச் சுருட்டுங்க" என்று மணி முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் யோசியுங்கள். பழைய முறையில் அது நிறைய உண்டு. முதுகெலும்பின் இயல்பான வளைவை விட்டுவைத்துச் செய்யவைப்பதைத்தான் இப்போது பலர் விரும்புகிறார்கள். எதற்கு எது என்று விளக்கம் சொல்ல முடிகிறவரா என்று பாருங்கள், போதும்.

பரதம் கற்றவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நாம் அரைமண்டியில் உட்காரும்போது பின்பக்கத்தைத் தள்ளி, அடிமுதுகை வளைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தெரிந்த நிலைதானே என்று பழைய பழக்கத்தோடு நின்றுவிடுவோம். "நான் டான்ஸ் கத்துக்கிட்டவ" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல ஆசிரியர் உங்களைக் கூடுதலாகக் கவனிப்பார்.

பணம் கட்டும் முன்

ஒரு மாதத்துக்கு மேல் முதல் தடவையே கட்டாதீர்கள். வருஷத்துக்குக் கட்டினால் பாதி விலை என்றாலும் வேண்டாம். உடல்நலக் காரணத்தால் நிறுத்த வேண்டி வந்தால் நாட்களைத் தள்ளிவைப்பார்களா, பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸப்பில் வந்தாலும் அது எழுத்துதான். ரசீது கேளுங்கள். ஜிம், யோகா மையம் போன்றவற்றுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பில்லில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பாருங்கள்.

தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. நான் போகவில்லை. என் கையில் ரசீதும் இல்லை, எழுதி வாங்கிய நிபந்தனையும் இல்லை. உங்கள் கையில் இருக்கட்டும்.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்

கர்ப்பமாக இருப்பவர்கள், சமீபத்தில் குழந்தை பெற்றவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், முட்டித் தேய்மானம், எலும்பு அடர்த்திக் குறைவு உள்ளவர்கள், சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள். அசையாமல் ஒரு நிலையில் இறுக்கிப் பிடிக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும், மூச்சையும் அடக்கினால் இன்னும் ஏறும். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனியும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டியிருக்கும். இவர்கள் செய்யவே கூடாது என்று சொல்லவில்லை. மாற்றிச் செய்யத் தெரிந்தவரிடம் செய்ய வேண்டும்.

ஆளுக்கு ஏற்ற மாதிரி பயிற்சியை மாற்றுவது நம்ம பேட்டைக்குப் புதுசும் இல்லை. கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் 1976ல் இங்கே தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தின் அடிப்படையே அதுதான்: ஆள் பயிற்சிக்குப் பொருந்த வேண்டியதில்லை, பயிற்சி ஆளுக்குப் பொருந்த வேண்டும். பார் வகுப்பையும் அதே அளவுகோலால் அளந்து பாருங்கள்.

வகுப்பே கிடைக்கவில்லை என்றால்? வீட்டில் சமையல் மேடை இருக்கிறது. குக்கர் விசில் வரும்வரை மேடையில் விரல் நுனியை வைத்துக்கொண்டு, இரண்டு பாதமும் நேராக வைத்து, குதிகாலை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். பத்து தடவை. பாதம் வெளிப்பக்கம் சாயாமல், பெருவிரல் பக்கம் எடை இருக்கட்டும். தரை ஈரமாக இருந்தால் வேண்டாம். அடுப்பு எரியும் பக்கம் நிற்காதீர்கள். இதற்குக் காசு இல்லை, பேக்கேஜ் இல்லை.

நான் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு வகுப்புக்குப் போகிறேன். ஒன்பது பேர்தான். கண்ணாடி பழசு, ஏசி சத்தம் போடும். முதல் நாள் அந்த ஆசிரியர் என்னை நிற்கவைத்து, பாதத்தைப் பார்க்காமல் முட்டியைப் பார்த்தார். "இதுக்கு மேல திருப்ப வேண்டாம், உங்களுக்கு இதுதான் அளவு" என்றார். என் கால் மற்றவர்களுடையதைப் போல விரிந்து நிற்பதில்லை. ரீல்ஸில் போட்டால் நன்றாக இருக்காது. ஆனால் மந்தைவெளி நிலையத்தில் கைப்பிடியைத் தொடாமல் இறங்குகிறேன்.

மாமியார் சமையல் மேடைப் பயிற்சியை எடுத்துக்கொண்டுவிட்டார். 71 வயது. பக்கத்து வீட்டு மாமியிடம், "நான் வீட்டுலயே பார் வெச்சிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். தெருவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் பார்த்த வகுப்பில் ஆசிரியர் உங்களிடம் கேட்ட முதல் கேள்வி என்ன என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.